கெட்டிலின் அடியில் ஒளிந்திருக்கும் எண்

மாணவர்களே, இதைப் படிக்கத் தொடங்கும் முன் சமையலறைக்குப் போய் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மின்சாரக் கெட்டிலின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். கெட்டில் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, கெட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்.

நம் நாட்டில் விற்கப்படும் பல கெட்டில்களில் இப்படி ஒரு வரி இருக்கும்: "220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1850–2200 வாட்."

உங்கள் கெட்டிலில் எண்கள் சற்று வேறாக இருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி எல்லாவற்றுக்கும் பொது. ஒரே கெட்டில், ஒரே சூடாக்கும் கம்பி. அப்படியிருக்க ஏன் இரண்டு வாட் எண்கள்? 1850 வாட்டா, 2200 வாட்டா? தயாரித்தவருக்கே தெரியாதா?

தெரியும். அந்த லேபிளில் எழுதப்படாத மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மேலே உள்ள புதிர் அவிழ்ந்துவிடும். அதோடு, தீபாவளிக்கு முதல் நாள் வீட்டில் ஓர் எக்ஸ்டென்ஷன் வயரில் எத்தனை பொருள்களைச் செருகலாம் என்பதையும் நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

இரண்டே வாய்பாடுகள்

முதலில் சொற்களைச் சரிபார்த்துக்கொள்வோம். பள்ளியில் நீங்கள் வோல்தான் என்று படிப்பது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். அருஸ் என்பது மின்னோட்டம், அலகு ஆம்பியர். ரிந்தாங்கான் என்பது மின்தடை, அலகு ஓம். குவாசா என்பது மின்திறன், அலகு வாட். பாடநூலில் இவற்றுக்கு வி, ஐ, ஆர், பி என்ற எழுத்துகள் உண்டு. இங்கே எழுத்துகளுக்குப் பதில் அலகுகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். லேபிளில் இருப்பவை அலகுகள்தானே!

முதல் வாய்பாடு மின்தடைக்கு:
வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்

இரண்டாவது மின்திறனுக்கு:
வோல்ட் × ஆம்பியர் = வாட்

முதலாவதற்குப் பின்னால் இருப்பவர் ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் ஓம். ஓர் உலோகக் கம்பியில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்பதை 1827-இல் நூலாக வெளியிட்டார். இரண்டாவது, திறன் என்பதற்கான விளக்கமே. ஒரு வாட் என்றால் வினாடிக்கு ஒரு ஜூல் ஆற்றல். உங்கள் கெட்டில் 2000 வாட் என்றால், ஒவ்வொரு வினாடியும் 2000 ஜூல் மின்னாற்றலை வெப்பமாக மாற்றுகிறது என்று பொருள்.

இந்த இரண்டில் எந்த இரு எண்கள் தெரிந்தாலும் மற்ற இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும் கிடைக்கும். நம் லேபிளில் வோல்ட்டும் வாட்டும் இருக்கின்றன. எனவே முதலில் ஆம்பியரைக் கண்டுபிடிப்போம்.

புதிர் அவிழ்கிறது

லேபிளின் சிறிய எண்களை முதலில் எடுப்போம்: 220 வோல்ட், 1850 வாட்.

மின்னோட்டம்: 1850 ÷ 220 = 8.41 ஆம்பியர்
மின்தடை: 220 ÷ 8.41 = 26.2 ஓம்

இப்போது பெரிய எண்கள்: 240 வோல்ட், 2200 வாட்.

மின்னோட்டம்: 2200 ÷ 240 = 9.17 ஆம்பியர்
மின்தடை: 240 ÷ 9.17 = 26.2 ஓம்

பார்த்தீர்களா? இரண்டு முறையும் ஒரே விடை. லேபிளில் எழுதாமல் விட்ட மூன்றாவது எண் இதுதான்: 26.2 ஓம். கெட்டிலின் அடியில் இருக்கும் சூடாக்கும் கம்பியின் மின்தடை அது. தொழிற்சாலையில் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் முடிவு செய்தபோதே இந்த எண்ணும் முடிவாகிவிட்டது. கெட்டிலுக்கு "நான் இத்தனை வாட்" என்று சொந்தமாக ஒரு எண் கிடையாது. அதற்குச் சொந்தமானது மின்தடை மட்டுமே. எத்தனை வாட் என்பதை அந்த மின்தடையும் சுவரிலிருந்து வரும் வோல்ட்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

ஆம்பியரைத் தனியாகக் கண்டுபிடிக்காமல் ஒரே படியிலும் இதைச் செய்யலாம்:
வோல்ட் × வோல்ட் ÷ வாட் = ஓம்

220 × 220 = 48,400. அதை 1850-ஆல் வகுத்தால் 26.2. உங்கள் வீட்டுக் கெட்டிலின் எண்களைப் போட்டுப் பாருங்கள். இரண்டு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே ஓம் வந்தால், லேபிளை நீங்கள் சரியாகப் படித்துவிட்டீர்கள்.

ஒரு சந்தேகம் வரலாம். கம்பி சூடானால் மின்தடை மாறாதா? மாறும். ஆனால் கெட்டிலிலும் இஸ்திரிப் பெட்டியிலும் பயன்படுவது பெரும்பாலும் நிக்ரோம் போன்ற உலோகக் கலவை. நிக்கலும் குரோமியமும் சேர்ந்த அந்தக் கலவையின் மின்தடை, சூடானாலும் சில விழுக்காடுதான் மாறும். அதனால்தான் நம் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. பழைய குண்டு பல்புக்கு இது பொருந்தாது. அதன் டங்ஸ்டன் இழை வெள்ளையாக ஒளிரும்போது, குளிர்ந்த நிலையில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மின்தடை கொண்டிருக்கும். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் வரைபடம் வரையும்போது குண்டு பல்புக்கு நேர்கோடு வராமல் வளைகோடு வருவது இதனால்தான்.

நம் வீட்டுக்கு வருவது 230-ஆ, 240-ஆ?

"எங்கள் வீட்டில் 240 வோல்ட்" என்று தாத்தா சொல்வார். பாடநூலில் சில கணக்குகள் 240 என்றும், சில 230 என்றும் இருக்கும். எது சரி?

2008 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு மின்னழுத்தம் 240 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட்டுக்கு மாறியது. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மின்னழுத்தம் எப்போதும் ஒரே எண்ணில் நிற்பதில்லை. அதற்குக் கூடுதல் குறைவு அனுமதி உண்டு. முன்பு 240-க்கு மேலே 5 விழுக்காடும் கீழே 10 விழுக்காடும் அனுமதி இருந்தது. அதாவது 216 முதல் 252 வோல்ட் வரை. இப்போது 230-க்கு மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு. கணக்குப் போட்டால் 216.2 முதல் 253 வோல்ட் வரை. காகிதத்தில் எண் மாறியதே தவிர, வீட்டுக்கு வரக்கூடிய மின்சாரத்தின் எல்லை கிட்டத்தட்ட அதேதான்.

சரி, இந்த எல்லைக்குள் நம் கெட்டில் எப்படி நடந்துகொள்ளும்? மின்தடை 26.2 ஓம் என்று தெரிந்துவிட்டதால் இப்போது வாட்டைக் கண்டுபிடிப்பது எளிது:
வோல்ட் × வோல்ட் ÷ ஓம் = வாட்

216 வோல்ட்டில்: சுமார் 1780 வாட்
230 வோல்ட்டில்: சுமார் 2020 வாட்
240 வோல்ட்டில்: சுமார் 2200 வாட்
253 வோல்ட்டில்: சுமார் 2440 வாட்

240-லிருந்து 230-க்கு இறங்கினால் மின்னழுத்தம் 4 விழுக்காடுதான் குறைகிறது. ஆனால் மின்திறன் 8 விழுக்காடு குறைகிறது. ஏன் இரு மடங்கு? மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் கூடவே குறைகிறது. இரண்டையும் பெருக்குவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

இதனால் மின்கட்டணம் குறையுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். 1.5 லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக 1.5 × 4200 × 72 = 453,600 ஜூல் வேண்டும். 2200 வாட்டில் அதற்கு 206 வினாடி ஆகும். 2020 வாட்டில் 225 வினாடி ஆகும். வெளியே வீணாகும் வெப்பத்தை இங்கே சேர்க்கவில்லை. தேநீருக்கு இன்னும் 19 வினாடி காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செலவாகும் ஆற்றல் இரண்டிலும் ஒன்றே: ஏறக்குறைய 0.126 யூனிட். மீட்டர் கணக்கிடுவது வாட்டை மட்டும் அல்ல, வாட்டையும் நேரத்தையும் பெருக்கி வரும் ஆற்றலை.

தேர்வில் பலர் விழும் பள்ளம்

இப்போது கவனமாகப் படியுங்கள். மேலே உள்ள இரண்டு வாய்பாடுகளிலிருந்து மின்திறனுக்கு இன்னும் இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன.

ஒன்று: வோல்ட் × வோல்ட் ÷ ஓம் = வாட்
மற்றொன்று: ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் = வாட்

முதல் வடிவத்தில் ஓம் கீழே இருக்கிறது. எனவே மின்தடை கூடினால் வெப்பம் குறைய வேண்டும். இரண்டாவதில் ஓம் மேலே இருக்கிறது. எனவே மின்தடை கூடினால் வெப்பமும் கூட வேண்டும். ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே! எது உண்மை?

இரண்டும் உண்மை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே எது மாறாமல் நிற்கிறது, வோல்ட்டா, ஆம்பியரா?

கெட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் கிடைப்பது சுவரின் 230 வோல்ட். நீங்கள் எந்தக் கெட்டிலைச் செருகினாலும் அந்த 230 மாறாது. அதனால் இங்கே முதல் வடிவத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 26.2 ஓம் கம்பிக்குப் பதில் 52.4 ஓம் கம்பியை வைத்தால் மின்னோட்டம் பாதியாகும், மின்திறனும் பாதியாகும். சீக்கிரம் கொதிக்கும் கெட்டில் என்றால் மின்தடை குறைந்த கெட்டில் என்று பொருள்.

அடுத்து, அந்தக் கெட்டிலைச் செருகிய பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டுக்குள் பிளக்கின் பித்தளைக் கால் இறுக்கமாகப் பிடிக்காமல் தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் 0.2 ஓம் மின்தடை உண்டாகிவிட்டது. கெட்டிலின் 26.2 ஓமோடு இதைச் சேர்த்தால் மொத்தம் 26.4 ஓம். மின்னோட்டம் 8.78 ஆம்பியரிலிருந்து 8.71 ஆம்பியராக இறங்குகிறது. கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. ஆக, இங்கே ஆம்பியரை நிர்ணயிப்பது கெட்டில். தளர்ந்த பிளக் அல்ல. ஆம்பியர்தான் மாறாமல் நிற்கிறது. எனவே இரண்டாவது வடிவம்:

8.71 × 8.71 × 0.2 = 15 வாட்

தளர்வு இன்னும் மோசமாகி 1 ஓம் ஆனால்? மொத்தம் 27.2 ஓம். மின்னோட்டம் 8.46 ஆம்பியர். அந்தத் தளர்ந்த இடத்தில் மட்டும் உண்டாகும் வெப்பம் 8.46 × 8.46 × 1 = 72 வாட். கெட்டிலுக்கு ஏறக்குறைய அதே மின்னோட்டம்தான். பிளக்கிலோ ஐந்து மடங்கு வெப்பம்.

72 வாட் என்றால் எவ்வளவு? ஆர்.பி.டி. பாடத்தில் ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டுவீர்களே, அந்தச் சோல்டரிங் கோல் பெரும்பாலும் 30 முதல் 40 வாட்தான். அதைப்போல இரண்டு மடங்கு வெப்பம், பச்சைப் பட்டாணி அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவில். கெட்டிலில் 2000 வாட் இருந்தும் ஆபத்தில்லை; அந்த வெப்பம் தண்ணீருக்குப் போய்விடுகிறது. பிளக்கில் உண்டாகும் 72 வாட்டுக்குப் போக இடமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளக் இப்படிச் சூடாகிக்கொண்டிருக்கும்போதும் கெட்டில் வழக்கம்போலவே வேலை செய்யும். தண்ணீர் கொதிக்கும். விளக்கு மங்காது. எந்த அறிகுறியும் கெட்டிலில் தெரியாது. பிளக்கில்தான் தெரியும்: கருகிய வாடை, பழுப்பு நிறக் கறை, தொட்டால் சூடு. சூட்டினால் சாக்கெட்டின் உலோகப் பிடி மேலும் தளரும், அதன் மேல் கறையும் படியும், மின்தடை இன்னும் கூடும், சூடும் கூடும். தானாகவே வளரும் ஆபத்து இது.

தீபாவளிக்கு முதல் நாள்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் சரி, கிள்ளான் தாமான் வீடானாலும் சரி, தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஒரே மாதிரிதான். வந்திருக்கும் உறவினர்களுக்குத் தேநீர் போடக் கெட்டில். புதுத்துணிக்கு இஸ்திரிப் பெட்டி. இரவுச் சாப்பாட்டுக்கு ரைஸ் குக்கர். சுவரில் சாக்கெட் ஒன்றுதான் கைக்கு எட்டுகிறது. எக்ஸ்டென்ஷன் வயரில் நான்கு துளைகள் காலியாக இருக்கின்றன. துளை இருக்கிறதே என்று மூன்றையும் செருகிவிடுகிறோம்.

துளைகளை எண்ணக் கூடாது. ஆம்பியரைக் கூட்ட வேண்டும். நம் நாட்டுச் சதுரக்கால் பிளக்கும் அதைச் செருகும் எக்ஸ்டென்ஷனும் அதிகபட்சம் 13 ஆம்பியருக்கானவை. 230 வோல்ட்டில் அது 13 × 230 = 2990 வாட். எக்ஸ்டென்ஷனில் எத்தனை துளை இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த எல்லை. ஏனென்றால் எல்லா மின்னோட்டமும் ஒரே வயர் வழியாக, ஒரே பிளக் வழியாகத்தான் வர வேண்டும்.

கெட்டில் 2020 வாட்: 8.8 ஆம்பியர்
இஸ்திரிப் பெட்டி 1200 வாட்: 5.2 ஆம்பியர்
ரைஸ் குக்கர் 700 வாட்: 3.0 ஆம்பியர்
மொத்தம் 3920 வாட்: 17 ஆம்பியர்

எல்லையைத் தாண்டி 4 ஆம்பியர். "தாண்டினால் ஃபியூஸ் போய்விடும், பயமில்லை" என்று யாராவது சொல்வார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் 13.1 ஆம்பியரில் அறுந்துவிடாது. 20 ஆம்பியர் போனாலும் நெடுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். அது முக்கியமாகத் தடுப்பது மின்கம்பிகள் நேராக ஒட்டிக்கொள்ளும்போது பாயும் பெரிய மின்னோட்டத்தை. மீட்டர் பக்கத்துப் பெட்டியில் சாக்கெட்டுகளுக்கான முறிப்பான் பெரும்பாலும் 20 அல்லது 32 ஆம்பியர். அதற்கும் 17 ஆம்பியர் பெரிதல்ல. ஆக, ஃபியூஸும் போகாது, பெட்டியும் டிரிப் ஆகாது. வயர் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு சூடு? 5 மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன், உள்ளே 1 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. மொத்தம் 10 மீட்டர் செம்பு. அதன் மின்தடை சுமார் 0.17 ஓம்.

8.5 ஆம்பியர் பாய்ந்தால்: 8.5 × 8.5 × 0.17 = 12 வாட்
17 ஆம்பியர் பாய்ந்தால்: 17 × 17 × 0.17 = 49 வாட்

மின்னோட்டம் இரு மடங்கு. வெப்பம் நான்கு மடங்கு. வயரை நீட்டிப் போட்டிருந்தால் இந்த 49 வாட் 5 மீட்டருக்கும் பரவிக் காற்றில் கலந்துவிடும். சுருட்டி வைத்திருந்தாலோ, கம்பளத்துக்கு அடியில் மறைத்திருந்தாலோ அவ்வளவு வெப்பமும் ஒரே இடத்தில் தேங்கும். வயரின் மேலுறையாகப் பயன்படும் சாதாரண பிவிசி பிளாஸ்டிக் 70 பாகை வரைதான் தொடர்ந்து தாங்கும்.

மலிவு விலை எக்ஸ்டென்ஷனில் கம்பி பாதித் தடிமனாக, அதாவது 0.5 சதுர மில்லிமீட்டராக இருந்தால் மின்தடை இரு மடங்காகும். அதே 17 ஆம்பியருக்கு 98 வாட். வெளியே பார்த்தால் வயர் தடித்துத்தான் இருக்கும்; அது பிளாஸ்டிக்கின் தடிமன். அதனால்தான் எக்ஸ்டென்ஷன், பிளக் போன்றவற்றை வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரத்தைக் காட்டும் சிரிம் லேபிள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

இதே எக்ஸ்டென்ஷனின் பிளக்கில் முன்பு பார்த்த 0.2 ஓம் தளர்வும் இருந்தால்? 17 × 17 × 0.2 = 58 வாட். கெட்டில் மட்டும் ஓடியபோது 15 வாட்டாக இருந்தது. மூன்று பொருளும் ஓடும்போது ஏறக்குறைய நான்கு மடங்கு.

தீர்வு கடினமானதல்ல. கெட்டிலை நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் செருகுங்கள். இஸ்திரிப் பெட்டியும் ரைஸ் குக்கரும் எக்ஸ்டென்ஷனில் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து 8.2 ஆம்பியர்தான். சுவரில் வேறு சாக்கெட் இல்லையென்றால் ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று. கெட்டில் கொதிக்க நான்கு நிமிடம்கூட ஆகாது என்று முன்பே கணக்கிட்டுவிட்டோமே!

ரவாங்கிலிருந்து காப்பார் வரை

வயரில் வீணாகும் வெப்பம் வீட்டோடு முடிந்துவிடும் விஷயமல்ல. இந்தப் பள்ளத்தாக்கின் மின்சார வரலாறே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

1894-இல் ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்திய இருவர் ஒரு மின்னாக்கியை நிறுவி, சுரங்கத்தில் மின்சாரப் பம்புகளை ஓட்டினார்கள். நம் நாட்டில் மின்சாரத்தின் தொடக்கமாக இதையே குறிப்பிடுகிறார்கள். அந்த இருவரில் ஒருவர் லோக் இயூ. மற்றவர் பத்துமலைக் கோயிலோடு நாம் நினைவுகூரும் கே. தம்புசாமி பிள்ளை. அங்கே மின்சாரம் உண்டான இடமும் பயன்பட்ட இடமும் பக்கத்திலேயே இருந்தன.

இன்று அப்படியில்லை. கிள்ளானுக்கு வடக்கே காப்பார் கடலோரத்தில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஸிஸ் மின்நிலையம் இருக்கிறது. அங்கே உண்டாகும் மின்சாரம் பல கிலோமீட்டர் கம்பி வழியாக ஊர்களுக்குப் போக வேண்டும். நீண்ட கம்பி என்றால் மின்தடை இருக்கத்தான் செய்யும். என்ன செய்வது?

எளிய எண்களில் பார்ப்போம். 10 லட்சம் வாட்டை, 2 ஓம் மின்தடையுள்ள கம்பியில் அனுப்ப வேண்டும். 10,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 100 ஆம்பியர். கம்பியில் வீணாவது 100 × 100 × 2 = 20,000 வாட். அதையே 100,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 10 ஆம்பியர்தான். வீணாவது 10 × 10 × 2 = 200 வாட். வோல்ட்டைப் பத்து மடங்கு கூட்டினால் இழப்பு நூறில் ஒரு பங்காகிறது. தீபகற்பத்தில் உயரமான இரும்புக் கோபுரங்கள் 132,000, 275,000, 500,000 வோல்ட் என்று மின்சாரத்தைச் சுமப்பதற்குக் காரணம் இந்த ஒரு பெருக்கல்தான். தேவைப்படும் இடத்துக்கு அருகே மின்மாற்றிகள் அதைப் படிப்படியாக இறக்கி, 230 வோல்ட்டாக உங்கள் வீட்டுக்கு அனுப்புகின்றன.

எங்கே இந்தக் கணக்கு செல்லாது?

கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றில் வேலை செய்வது ஒரு சூடாக்கும் கம்பி. அவற்றுக்கு மேலே உள்ள கணக்கு நன்றாகப் பொருந்தும். குளிர்சாதனம், காற்றாடி, தொலைபேசிச் சார்ஜர், எல்இடி விளக்கு ஆகியவை அப்படியல்ல. அவற்றுக்குள் மோட்டாரும் மின்னணுச் சுற்றும் இருப்பதால் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து "மின்தடை இவ்வளவு" என்று சொல்ல முடியாது. அவற்றின் லேபிளில் ஆம்பியர் எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு கூட்டுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாக் கணக்கும் லேபிளைப் படித்துச் செய்வதற்கானவை. சுவர் மின்சாரத்தை நீங்களே அளக்க முயல வேண்டாம். ஏன் என்பதையும் அதே வாய்பாடு சொல்லும். நனைந்த தோலோடு இருக்கும்போது மனித உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியாம்பியர். இதயத்தை நிறுத்த இதைவிடக் குறைவே போதும். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் கசிவு முறிப்பான் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லியாம்பியரிலும், ஈரமான குளியலறையில் உள்ள ஹீட்டருக்கு 10 மில்லியாம்பியரிலும் துண்டிக்கும்படி வைக்கப்படுவது அதனால்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. குளியலறை ஹீட்டரின் லேபிளில் 240 வோல்ட், 3600 வாட் என்று இருக்கிறது. மின்னோட்டம் எவ்வளவு? மின்தடை எவ்வளவு? இதற்கு 13 ஆம்பியர் பிளக் பொருத்தலாமா?

2. அதே ஹீட்டருக்கு 220 வோல்ட்தான் கிடைக்கிறது. இப்போது எத்தனை வாட்?

3. 1600 வாட் முடி உலர்த்தி 230 வோல்ட்டில் ஓடுகிறது. அதன் பிளக் செருகிய இடத்தில் 0.5 ஓம் தளர்வு. மின்னோட்டம் மாறவில்லை என்று கொண்டால் அங்கே எத்தனை வாட் வெப்பம்?

விடைகள்: 1) 15 ஆம்பியர், 16 ஓம்; பொருத்தக் கூடாது, தனி வயரும் தனி சுவிட்சும் வேண்டும். 2) 220 × 220 ÷ 16 = 3025 வாட். 3) மின்னோட்டம் 6.96 ஆம்பியர், வெப்பம் சுமார் 24 வாட்.

கடைசியாக ஒரு வீட்டுவேலை. இன்று இரவு வீட்டில் உள்ள எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதில் செருகியிருக்கும் பொருள்களின் லேபிள்களைப் படித்து, ஆம்பியரைக் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள். 13-ஐத் தாண்டினால் அம்மா அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். பிளக்கில் பழுப்புக் கறையோ கருகிய வாடையோ இருந்தால் அதை மீண்டும் பயன்படுத்தாமல், பதிவுபெற்ற மின்பணியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். "கெட்டில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று அவர்கள் சொன்னால், கெட்டில் ஓடும், பிளக்தான் எரியும் என்பதற்கான கணக்கு இப்போது உங்கள் கையில் இருக்கிறது.